அந்தக் குரல் போதாதா?

கனமான கிற்றார் கேட்டாலே "இதென்ன இரைச்சல்" என்று சொல்பவர்கள் எங்கட பக்கத்தில் அதிகம். இவனெசன்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் முதல் அல்பம் 'ஃபாலன்' (2003). அதை அப்படித் தள்ளிவிட முடியாது என்பதே எங்கள் கருத்து.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் எமி லீயின் பியானோ இருக்கிறது. 'ஹலோ' என்ற பாட்டில் அதுதான் முன்னுக்கு வருகிறது. சின்ன வயதில் அவர் இழந்த தங்கைக்கான பாட்டு அது.

ஆனால் வெளியிட்ட கம்பனிக்கு அந்தக் குரல் மட்டும் போதவில்லை. நிரந்தரமாக ஓர் ஆண் பாடகரைச் சேர்க்கச் சொன்னது. குழு மறுத்தது. கடைசியில் 'பிரிங் மீ டு லைஃப்' பாட்டில் மட்டும் ஆண் குரலுக்கு இணங்கினார்கள். 2004இல் இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. 2017இல் அதே பாட்டை, அந்த ஆண் குரல் இல்லாமல், வாத்தியக் குழுவோடு மீண்டும் பதிவு செய்தார்கள். பாட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை.

விவாத மேடைக்கு ஒரு பெண் பிள்ளை தலைமை தாங்க வந்தால், "பக்கத்தில் ஒரு பொடியனும் இருந்தால் நல்லம்" என்பார்கள். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: முதலில் அவளைப் பேச விடுங்கள். குறை இருந்தால் பிறகு சொல்லுங்கள்.