மீள்திறனாம்!

மேடையில் 'மீள்திறன்' என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வருது. தோட்டத் தமிழர்களைப் பாராட்டும்போது தவறாமல் வந்துவிடும் சொல். பால்மரம் வெட்டியவர்களுக்கு ரப்பரின் குணத்தையே பட்டமாகக் கொடுத்தாச்சு! இழுத்துவிட்டால் ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பும். பள்ளிப் பாடத்தில் அதற்குப் பெயர் மீள்தன்மை. இழுத்தது யார்? பாராட்டுறவங்க அதைக் கேட்பதில்லை.

மீள்வது என்றால் திரும்பி வருவது. எங்கே திரும்புவது? புக்கிட் ஜாலில் தோட்டம் இருந்த பக்கம் 1998 காமன்வெல்த் போட்டி நடந்த அரங்கம் நிற்கிறது. லயத்து வீடுகளை விட்டுப் போனவர்கள் மீளவில்லைங்க, பிழைத்தார்கள். அப்படியே எழுதுங்களேன். பிழைத்தல் என்பதற்குத் தவறு செய்தல் என்றும் பொருள் உண்டு. யாருடைய தவறு என்று வாசிக்கிற ஒருத்தராவது கேட்பார்.