ஐந்து டிகிரி



இந்த மாதம் ஒரு தவறை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. தை இதழில் கோழிக்குஞ்சு வளர்ப்பு பற்றி ஒரு கட்டுரை வந்ததே, அதில் புரூடருக்குள் (பல்பால் குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் அடைப்பு) முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி செல்சியஸ் குறைத்துக்கொண்டு வர வேண்டும் என்று அச்சிட்டிருந்தோம். இதழ் கடைக்குப் போன மூன்றாம் நாள் புதுச்சத்திரம் பக்கமிருந்து ஒரு பண்ணைக்காரர் போனில் அழைத்தார். குரலில் கோபமில்லை. "ஏனுங்க, நீங்க போட்டிருக்கறபடி வெச்சா மூணாவது வாரமே குஞ்செல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அமுங்கிப் போயிருமுங்க" என்றார்.

கட்டுரையாளர் எழுதி அனுப்பியது ஃபாரன்ஹீட்டில். முதல் வாரம் 95, அப்புறம் வாரத்துக்கு 5 குறைவு. இதைச் செல்சியஸுக்கு மாற்றியவன் நான்தான். 32-ஐக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்தேன். 95 என்பது 35 ஆயிற்று. அதே கணக்கில் 5-ஐயும் போட்டேன். மைனஸ் 15 வந்தது. கோழிப்பண்ணையில் ஏது மைனஸ் என்று சிரித்துவிட்டு, 5-ஐ அப்படியே விட்டுவிட்டேன்.

விட்டதுதான் வினை. சேலத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லை எந்த ஊரிலிருந்து எண்ணத் தொடங்கினாலும் ஆண்டகளூர் கேட்டுக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவில் உள்ள தூரம் மாறுவதில்லை. மைலா, கிலோமீட்டரா என்பதுதான் எண்ணை மாற்றும். வெப்பமானியில் 32 என்பது எண்ணத் தொடங்குகிற இடம். பனிக்கட்டி உருகும் புள்ளிக்குச் செல்சியஸ் 0 என்கிறது, ஃபாரன்ஹீட் 32 என்கிறது. அங்கிருந்து தண்ணீர் கொதிக்கும் வரை ஒன்று 100 படி ஏறுகிறது, மற்றது 180 படி. ஆகவே "வெயில் இத்தனை டிகிரி" என்றால் 32 வேண்டும். "இத்தனை டிகிரி கூடியது, குறைந்தது" என்றால் 32-க்கு அங்கே வேலையே இல்லை. 5 ஃபாரன்ஹீட் படி என்பது செல்சியஸில் சுமார் 2.8 படி, அவ்வளவுதான்.

சரியான கணக்கு இது: முதல் வாரம் 35, இரண்டாம் வாரம் 32.2, மூன்றாம் வாரம் 29.4, நான்காம் வாரம் 26.7. நாங்கள் போட்டபடி போனால் 35, 30, 25, 20. இறகு முளைக்காத குஞ்சு தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளாது. தை மாத ராத்திரியில் அது என்ன ஆகும் என்று நாமக்கல் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "எங்களுக்கு மீட்டரே வேண்டாமுங்க" என்றும் அந்த அன்பர் சொன்னார். குஞ்சு பல்புக்கு அடியில் குமிந்தால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு. தரை முழுக்கப் பரவலாகத் திரிந்தால் சரி. இந்த வெப்பமானி எந்த அளவிலும் தப்பு சொல்லாது.

மாசி வந்துவிட்டது. இனிச் செய்தித்தாள்களில் "சேலத்தில் வெயில் சதம்" என்று வரும். அந்தச் சதம் ஃபாரன்ஹீட் கொடுத்த கொடை. செல்சியஸில் அது வெறும் 37.8. சமவெளியில் வெப்ப அலை என்று அறிவிக்க வானிலைத் துறை முதலில் கேட்பது 40 டிகிரி செல்சியஸ், அதாவது 104. அதோடு பொதுவாக இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். இந்த 4.5 ஃபாரன்ஹீட்டில் 8.1. இங்கேயும் 32-ஐக் கூட்டி "40.1 டிகிரி அதிகம்" என்று யாராவது எழுதினால், என்னைப் போல ஒருவர் மேசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

மனக்கணக்கு வேண்டுமா? செல்சியஸை இரட்டியுங்கள், வந்ததில் பத்தில் ஒரு பங்கைத் தள்ளுங்கள், 32 சேருங்கள். 38-க்கு: 76, அதில் 7.6 போக 68.4, கூட 32, ஆக 100.4.

உடம்பின் இயல்பான சூடு என்று நாம் சொல்லும் 98.6-ம் இப்படி அளவு மாற்றியதில் வந்ததுதான். 1868-இல் ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிஷ், ஆயிரக்கணக்கானோரின் உடல் சூட்டை அளந்து, சராசரி 37 டிகிரி செல்சியஸ் என்று முழு எண்ணாகச் சொன்னார். அது ஃபாரன்ஹீட்டுக்கு மாறியபோது புள்ளி ஆறு ஒட்டிக்கொண்டது. அந்தப் புள்ளியைப் பார்த்து எத்தனை அம்மாக்கள் 99-க்கே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருந்திருப்பார்கள்! ஆரோக்கியமான உடம்பே காலையில் கொஞ்சம் குறைந்தும் மாலையில் கொஞ்சம் கூடியும்தான் இருக்கும்.

தை இதழைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அந்தப் பக்கத்தை எடுத்து, "வாரத்துக்கு 5 டிகிரி" என்பதற்குப் பக்கத்தில் உள்ள "செல்சியஸ்" என்ற சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு "ஃபாரன்ஹீட்" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்