தொட்டால் ஊறுமா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகள் பதினொரு பேருக்கு மாலை வேளையில் பாடம் சொல்லிக் கொடுத்தேன். கல்லூரியில் படிக்கிறவள் என்பதைத் தவிர அதற்கு எனக்கு வேறு தகுதி கிடையாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

ஒரு நாள் ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் திருக்குறளில் கல்வி அதிகாரத்தை மடமடவென்று ஒப்பித்தான். மணற்கேணியைக் கல்விக்கு உவமையாக்கும் குறள் வந்தது. பொருள் கேட்டேன். "மணல் கெணத்தத் தொட்டா தண்ணி ஊறும்க்கா. அது மாதிரி படிச்சா அறிவு ஊறும்" என்றான். அவனுடைய நோட்டுப் புத்தகத்திலோ 'தொட்டனைத்து – தோண்டிய அளவு' என்று தெளிவாக எழுதியிருந்தது. கேட்டபோது அதையும் ஒப்பித்தான்! தான் ஒப்பித்ததற்கும் தான் சொன்ன பொருளுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

கடிந்துகொள்ளத்தான் வாயெடுத்தேன். ஆனால் அதே வரியை அதே வகையில் எழுதித்தானே நானும் முழு மதிப்பெண் வாங்கினேன்? ஆகவே வேறு ஒன்று கேட்டேன். மணலிப்பட்டுப் பக்கம் நம் கொம்யூனுக்குள் நுழையும் சங்கராபரணி ஆறு கோடையில் வெறும் மணலாகக் கிடப்பது அவர்களுக்குத் தெரியும். "அங்கே தாகம் எடுத்தால் என்ன செய்வீர்கள்?" என்றேன். "ஊத்து தோண்டுவோம்க்கா" என்றார்கள். "சும்மா தொட்டால் வராதா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. சற்று நேரம் கழித்து, "அப்ப அங்க தொட்டான்னா தோண்டனான்னு அர்த்தமாக்கா? இன்னும் ஆழமாத் தோண்டனா இன்னும் நெறைய ஊறும், அதானே?" என்றான். குறள் முழுவதும் அவன் கைக்கு வந்துவிட்டது. இனி அவனுக்கு அது மறக்காது.

தெரியாத சொல்லுக்குப் பொருளை எடுத்துக் கொடுப்பது ஒரு வகை. பொருளைக் கண்டுபிடிக்கும் வழியைக் கொடுப்பது இன்னொரு வகை. நம் பள்ளிகளில் நடப்பது பெரும்பாலும் முன்னது. ஆசிரியர்களை நான் குறை கூறவில்லை. பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு. ஆனால் அந்த அவசரத்தின் விலையைக் கொடுப்பது யார்? புத்தக அலமாரி உள்ள வீட்டுப் பிள்ளை தெரியாத சொல்லை அப்பாவிடம் கேட்கும். என் அப்பாவுக்கு அண்டை வெட்டவும் மடை கட்டவும் தெரியும். புத்தகச் சொல்லைக் கேட்டால், "டீச்சரைக் கேளும்மா" என்பார். நாற்பது பேர் நடுவில் எழுந்து நின்று கேட்க எல்லோருக்கும் துணிவு வருமா? வராது. பேசாமல் இருந்துவிடுவோம். அந்த மௌனமே வளர்ந்து கல்லூரி வரையில் கூட வருகிறது.

என் கதையையே சொல்கிறேன். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்த எனக்கு முதல் பருவ வகுப்புகள் ஆங்கில மழையாகப் பொழிந்தன. 'சீரோஃபைட்' என்ற சொல் காதில் விழுந்தது. 'சீரோ' என்றால் சுழியம்தானே என்று 'ஒன்றும் இல்லாத இடத்தில் வளரும் செடி' என எழுதிவைத்தேன். தேர்வில் என்ன கிடைத்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள், அதுவும் சுழியம்தான்! பின்பு மூத்த மாணவி ஒருவர் நூலகத்தில் வைத்து அச்சொல்லைப் பிரித்துக் காட்டினார். சீரோ என்பது கிரேக்க மொழியில் வறட்சி. ஃபைட் என்றால் தாவரம். வறண்ட நிலத்துத் தாவரம். எங்கள் வேலியோரத்துக் கள்ளி! அடுத்து வந்த ஹைட்ரோஃபைட்டை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. நீர்த்தாவரம், அவ்வளவுதான். 'எபி' என்றால் 'மேல்' என்று தெரிந்ததும் எபிஃபைட்டும் திறந்துகொண்டது. மரத்தின் மேல் தொற்றி வளர்வது. பள்ளிப் பருவத்திலேயே இந்த வழி கிடைத்திருந்தால் ஓராண்டு மிஞ்சியிருக்குமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

இந்த வழி நமக்குப் புதிதும் அன்று. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று நன்னூலார் பகுபதத்தை ஆறாகப் பிரிக்கவில்லையா? அதை இரண்டு மதிப்பெண் வினாவாக மட்டும் ஆக்கிவிட்டோம். காரணப் பெயர், இடுகுறிப் பெயர் என்ற பாகுபாடும் அப்படியே. காரணப் பெயரை யோசித்துக் காணலாம். இடுகுறியைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். எது எவ்வகை என்று பார்க்கப் பழக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். எங்கள் பிள்ளைகள் மதகடிப்பட்டு என்ற பெயரைப் பேருந்துப் பலகையில் நாள்தோறும் படிக்கிறார்கள். மதகு, அடி, பட்டு என்று பிரித்து எழுதச் சொன்ன அன்றுதான் அந்தப் பெயருக்குள் ஏரி மதகு ஒன்று இருப்பதைக் கண்டார்கள். மறுநாள் சுத்துக்கேணியில் கேணியைக் கண்டுபிடித்துவிட்டு ஓடி வந்தார்கள். 'கொம்யூன்' என்ற சொல்லை மட்டும் என்ன பிரித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. பிரெஞ்சுக்காரன் விட்டுச்சென்றதைத் தமிழ் இலக்கணத்தில் பிரித்தால் கிடைக்குமா!

இதில் ஆபத்தும் உண்டு. மறைக்கக் கூடாது. 'தாவரம்' என்ற சொல்லைப் பிரிக்கச் சொன்னேன். ஒரு சிறுமி, "தாவுறது தாவரம்" என்றாள். பிரித்தது என்னவோ சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் செடி தாவுமா? தாவரம் வடமொழியிலிருந்து வந்தது. நின்ற இடத்திலேயே நிற்பது என்று பொருள். நேர் எதிர்! பிரித்து வந்த பொருளை வாக்கியத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு அகராதியில் சரிபார்க்க வேண்டும் என்பதை அன்று அவளோடு சேர்ந்து நானும் கற்றேன். வாக்கியத்தை மட்டும் நம்பினாலும் போதாது. அமெரிக்காவில் நாகி, ஹெர்மன், ஆண்டர்சன் ஆகிய மூவர் எட்டாம் வகுப்பு மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வை 1985-இல் வெளியிட்டார்கள். படிக்கும்போதே பிள்ளைகள் புதுச்சொற்களின் பொருளைப் பிடித்துக்கொள்வது உண்மை. ஆனால் ஒரு முறை காண்பதில் கிடைப்பது சிறிதளவே என்பது அதன் முடிவு. திரும்பத் திரும்பக் கண்ணில் பட வேண்டும். அதற்குப் பாடப்புத்தகம் ஒன்று மட்டும் போதுமா?

"அந்தக் காலத்தில் நிகண்டை மனப்பாடம் செய்தவர்கள் புலவர்களாகவில்லையா?" என்று என்னிடம் ஒரு பெரியவர் கேட்டார். ஆனார்கள், மறுக்கவில்லை. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளியில் தலைகீழாகச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் தேடிப் பார்க்க அகரவரிசை அகராதி கையில் இல்லாத காலம் அது. வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. சேமித்து வைக்கும் வேலையை நூல் ஏற்றுக்கொண்ட பிறகு தலைக்கு வேறு வேலை கொடுக்கலாமே? அந்த நிகண்டுகளுக்கும் மூத்த தொல்காப்பியர் உரியியலில் சொன்னதைக் கேளுங்கள். தெரிந்த சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை, தெரியாததற்கே சொல்ல வேண்டும் என்கிறார். பொருளுக்குப் பொருள் கேட்டுக்கொண்டே போனால் முடிவே இராது என்கிறார். உணர்தல் உணர்வோரின் ஆற்றலில் இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறார்.

நம் அருஞ்சொற்பொருள் பட்டியல்களோ 'கழனி – வயல்' என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகின்றன. எங்கள் ஊரில் யாரும் வயலுக்குப் போவதில்லை; கழனிக்குத்தான் போகிறோம்! மடை, மதகு, கலிங்கு, பரம்பு, பதர் என்று பட்டணத்துப் பிள்ளை அகராதியில் தேடும் சொற்கள் எங்கள் பிள்ளைகளின் வாயில் கிடக்கின்றன. தமக்குச் சொல் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் இதை எடுத்துச் சொன்னபோது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

புதுவை அரசுப் பள்ளிகள் இப்போது மத்தியக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. கல்லூரியில் நான் பட்ட பாட்டை என் தம்பி பள்ளியிலேயே படுகிறான். அவனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இடப்பக்கம் புதிய சொல்லும் அவன் ஊகமும். வலப்பக்கம் அகராதிப் பொருள். ஊகத்தை எழுதாமல் அகராதியைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். ஊகம் தவறானால் அடிப்பதில்லை, அழிப்பதுமில்லை. தவறுகள்தாம் எங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் ஆண்டுதோறும் கோயில் குளத்தைச் சுத்தம் செய்கிறோம், மரக்கன்று நடுகிறோம். வரும் முகாமில் மாலை ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாமா? பேராசிரியர்கள் ஒப்புதல் தந்தால் எங்கள் ஊரிலேயே தொடங்கலாம். கோயில் மண்டபத்தில் விளக்கு இருக்கிறது, பிள்ளைகளும் இருக்கிறார்கள். வருகிறவர்கள் ஆளுக்கொரு பழைய அகராதி கொண்டுவந்தால் போதும். எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதிலும் 'ப' வரிசையில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது.