மீனின் வயதைச் சரிபார்த்தது யார்?

அடி நசுங்கிய கொத்தினால் இருவர் நெல் அளந்தாலும் ஒரே கணக்குத்தான் வரும். கணக்கு ஒத்துப்போவதால் அளவு சரியாகிவிடாது. கமக்காரருக்கு இதை எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. மீனின் வயதைக் கணிப்பதிலும் இதே பிழை நேர்ந்திருக்கிறது.

மீனின் செதிலிலும் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லிலும், வெட்டிய மரத்தில் தெரிவது போன்ற வளையங்கள் உண்டு. வருடத்திற்கு ஒரு வளையம் எனக் கொண்டு வயதைக் கணிப்பார்கள். உண்மையில் வருடத்திற்கு ஒன்றுதானா? கனடாவைச் சேர்ந்த பீமிஷ், மக்ஃபார்லேன் என்போர் 1983இல் ஏறக்குறைய 500 ஆய்வுகளைப் பரிசீலித்தனர். எல்லா வயது மீன்களிலும் இதைச் சரிபார்த்திருந்தவை நூற்றுக்கு மூன்று அளவே.

இப்பிழையின் விலை சிறிதல்ல. நியூசிலாந்தின் ஆழ்கடலில் 'ஓரேன்ஜ் ரஃபி' என்னும் மீனை 1970களின் இறுதியில் பெருமளவில் பிடிக்கத் தொடங்கினர். அது சில பத்து ஆண்டுகளே வாழும் என நம்பினர். 1991இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் செவிக்கல்லிலுள்ள ரேடியம், ஈயம் ஆகியவற்றின் கதிரியக்கத்தை அளந்தபோது, நூறு வயதைத் தாண்டிய மீன்கள் இருப்பது தெரிந்தது. பருவமடையவே அதற்கு முப்பது ஆண்டுகளளவில் செல்கிறது. அதற்குள் பல இடங்களில் அந்த மீன் அருகிவிட்டது.

சரிபார்க்க வழி உண்டு. மாடுகளுக்கு ஏற்றும் ஒக்சிடெட்ராசைக்கிளின் மருந்தை மீனுக்கு ஏற்றினால் செவிக்கல்லில் ஓர் அடையாளம் பதியும். ஒரு வருடத்தின் பின் அதே மீனைப் பிடித்து, அடையாளத்திற்கு வெளியே எத்தனை வளையங்கள் என்று எண்ணலாம்.

எமது குளங்களுக்குக் குளிர்காலம் இல்லை. இங்கே வறட்சியும் சினைப்பருவமும் கூட வளையம் இடக்கூடும். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா வருடத்தில் பல தடவை இனம்பெருக்கும். ஆகவே குளிர்நாட்டுக் கணக்கை இங்கே சரிபாராமல் ஏற்கலாகாது.

காணியை விட்டு இடம்பெயர்ந்து, குளத்தை நம்பி வலை வீசும் குடும்பத்திற்கு இது வெறும் விஞ்ஞானமல்ல. வலைக்கண்ணின் அளவும் பிடிக்கும் காலமும் மீனின் வயதைக் கொண்டே தீர்மானிக்கப்படலாம். "இந்தக் கணக்கை இக்குளத்து மீனில் சரிபார்த்தீர்களா?" என்று கேட்பது எமது உரிமை.

எம்மாலும் உதவ முடியும். கட்லா, ரோகு போன்றவை தேங்கிய குளத்தில் தாமாக இனம்பெருக்குவதில்லை. குஞ்சு விட்ட திகதியையும் பிடித்த திகதியையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். வயது தெரிந்த மீனே சரியான கொத்து. அந்தக் கொத்தைக் கொண்டு மற்றவர்களின் கணக்கை அளந்து பார்க்கலாம்.