கோப்புகள் ஆயிரம், சாவி எங்கே?

ஆயிரம் கோப்புகளை ஒரே மூச்சில் குறியாக்கம் செய்யும் ஸ்கிரிப்டை, அதாவது கணினி வரிசையாக நிறைவேற்ற வேண்டிய கட்டளைகளை எழுதிவைத்த உரைக்கோப்பை, உருவாக்குவது எளிது. அதற்குரிய சாவியை எங்கே வைப்பது என்று முடிவு செய்வதுதான் கடினம். கோப்பு ஒன்றே என்றால் அதற்கு உரியவர் கடவுச்சொல்லைத் தாமே தட்டச்சு செய்துவிடுவார். நள்ளிரவில் ஆளில்லாமல் ஓடும் ஸ்கிரிப்டுக்கோ அந்தச் சொல் வேறெங்கிருந்தாவது கிடைத்தாக வேண்டும்.

பூட்டவும் திறக்கவும் ஒரே சாவியைப் பயன்படுத்தும் முறை சமச்சீர்க் குறியாக்கம் எனப்படும். அமெரிக்க அரசு 2001இல் தரமாக ஏற்றுக்கொண்ட ஏஇஎஸ் இவ்வகையைச் சேர்ந்தது. அதன் கணிதத்தை நடைமுறையில் எவரும் இதுவரை உடைத்ததில்லை. ஆனால் கடவுச்சொல்லைக் கட்டளையோடு சேர்த்துக் கொடுத்தால், லினக்ஸின் வழக்கமான அமைப்பில், ஓடும் நிரல்களின் பட்டியலைப் பார்க்கும் பிற பயனர்களுக்கும் அது தெரியக்கூடும். ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதிவைத்தால், ஸ்கிரிப்டு நகலெடுக்கப்படும் இடத்துக்கெல்லாம் அதுவும் கூடவே போய்ச் சேரும்.

இச்சிக்கலுக்குப் பொருத்தமான தீர்வு, பூட்டுவதற்குப் பொதுச் சாவியும் திறப்பதற்குத் தனிச் சாவியும் கொண்ட முறையாகும். கோயில் உண்டியலில் எவரும் காணிக்கை போடலாம், திறப்பதற்குத்தான் சாவி வேண்டும் என்பதைப் போன்றது இது. வெர்னர் கோச் உருவாக்கி 1999இல் முதல் நிலையான பதிப்பை வெளியிட்ட ஜிபிஜி என்னும் கட்டற்ற மென்பொருள், ஒவ்வொரு கோப்புக்கும் தற்போக்கான புதிய சாவி ஒன்றை உருவாக்கி, கோப்பை அதனால் விரைவாகப் பூட்டி, அச்சாவியை மட்டும் பெறுநரின் பொதுச் சாவியால் பூட்டுகிறது. ஆகவே, இரவுதோறும் கோப்புகளைப் பூட்டும் கணினியில் இரகசியம் எதையும் வைக்கத் தேவையில்லை. அக்கணினி பிறர் கைக்குப் போனாலும், ஏற்கெனவே பூட்டப்பட்டவற்றை அதைக்கொண்டு திறக்க முடியாது.

குறிநீக்கத்தை இதே அளவுக்குத் தானியங்கியாக்குவது முறையன்று, ஏனெனில் அங்கே தனிச் சாவி தேவைப்படுகிறது. வேறொரு கணினியில் மனிதர் ஒருவர் அச்சாவியைக் காக்கும் கடவுத்தொடரை ஒருமுறை உள்ளிட்டால், ஜிபிஜியின் முகவர் நிரல் அதை இயல்பாக, கடைசிப் பயன்பாட்டிலிருந்து 10 நிமிடமும் மொத்தத்தில் 2 மணி நேரத்துக்கு மிகாமலும், நினைவில் வைத்திருக்கும் என்பதால், எஞ்சிய கோப்புகளை ஸ்கிரிப்டே திறந்துவிடும்.

தரவு தொலைந்துபோகும் ஆபத்து, மூலக்கோப்பை நீக்கும் வரியில் இருக்கிறது. கட்டளை வெற்றி பெற்றால் சுழியத்தையும் தவறினால் வேறோர் எண்ணையும் திருப்பித் தரும். இந்த முடிவுநிலை எண்ணைச் சோதிக்காத ஸ்கிரிப்டு, வட்டு நிரம்பியதால் பாதியில் நின்ற வெளியீட்டை நம்பி மூலத்தை அழித்துவிடக்கூடும். இடைவெளியுள்ள கோப்புப் பெயர்களை மேற்கோள் குறிக்குள் அடைக்காவிட்டால், ஒரே பெயர் பல பெயர்களாகப் பிளந்து, கட்டளை வேறு கோப்பின்மீது பாயலாம். மேலும், திடநிலை வட்டுகளில் நீக்கிய கோப்பின்மேல் எழுதுவது பழைய தரவு அழிந்ததற்கு உறுதியாகாது என்பதால், வட்டு முழுவதையும் தொடக்கத்திலேயே குறியாக்கம் செய்திருப்பது நல்லது.

தனிச் சாவி தொலைந்தால் அத்தனை கோப்புகளும் உரியவருக்கே பயனற்றுப் போகும். எனவே, சாவியின் நகலைத் தனியிடத்தில் காத்து, அந்நகலைக்கொண்டே சில கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகுதான், நீக்கும் வரியை ஸ்கிரிப்டில் சேர்க்க வேண்டும்.