சிலை வந்தது, உளி வந்ததா?

கடல் கடந்து வரும் கருங்கற் சிலைகளை மேளதாளத்தோடு வரவேற்பதில் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் எவருக்கும் பின்தங்கியவர் அல்லர். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் குடமுழுக்கு நெருங்கும்போது, தமிழகத்துச் சிற்பக் கூடங்களுக்குப் பணம் அனுப்பப்படுகிறது. சிலை வந்து சேர்கிறது. சிற்பிகளும் வந்து, சில திங்கள் தங்கிக் கோபுரத்துச் சுதை வேலையை முடித்துத் திரும்புகின்றனர். நன்கொடையாளர் பெயர்கள் சலவைக்கல்லில் பொறிக்கப்படுகின்றன. அடுத்த குடமுழுக்கு வரும்போதோ, உடைந்த ஒரு விரலைச் செப்பனிடவும் அக்கரைக்கே ஆள் தேட வேண்டியிருக்கிறது. சிலை வந்தது; உளி வந்ததா? இவ்வினாவை எழுப்பாத சமுதாயம், கலையை வளர்ப்பதாகக் கூறிக்கொள்வது பொருந்துமா?

மாமல்லபுரத்துச் சிற்பக் கூடத்தை விற்பனைக் கூடமாக மட்டும் காண்பவர் அதனைப் பாதியே கண்டவர். அது ஒரு பள்ளி. அங்குச் சேரும் இளைஞன் உளி தீட்டவும், கல்லைத் தட்டி ஓசையால் அதன் இயல்பை அறியவும், கரடான பரப்பைச் சமன்செய்யவும் முதலில் பழகுகிறான். பின்னரே கொடியும் பூவும். அதன்பின் கையும் காலும். முகமும் கண்ணும் கைதேர்ந்த மூத்தவருக்கு உரியவை. செய்யுளுக்குச் சீரும் தளையும் போலச் சிற்பத்திற்கும் இலக்கணம் உண்டு. முகத்தின் நீளம் ஒரு தாளம். ஒரு தாளம் 12 அங்குலம். முதன்மைத் தெய்வங்களுக்குரிய உத்தம தச தாளத்தில் உருவத்தின் உயரம் 124 அங்குலம். இவ்வங்குலம் கடையில் வாங்கும் அளவுகோலின் அங்குலம் அன்று. சிலையின் உயரத்தைப் பகுத்துப் பெறுவது. யாப்பிலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் இதன் நுட்பத்தை எளிதில் உணர்வர்.

இக்கல்விக்குச் சோறிடுவது எது? கூடத்திற்கு வரும் வேலைதான். வேலை வந்தால் கல் வரும்; கல் வந்தால் மாணவன் கையில் உளி ஏறும். பொருள் ஈட்டும் தொழிலும் பயிற்றும் பணியும் அங்கு ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றன. 1957இல் அரசு அவ்வூரில் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம், இன்று பட்டம் வழங்கும் கல்லூரியாக விளங்குகிறது. அதன் தலைமைப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்த கணபதி ஸ்தபதியே, 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் குமரிமுனையில் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையை வடிவமைத்தவர். கற்பித்த கையும் படைத்த கையும் ஒன்றே.

இங்குள்ளோர் கூறும் மறுப்புகள் இரண்டு. இம்மண்ணில் கல் ஏது, மரபு ஏது என்பது முதல் மறுப்பு. மலேசியத் தீவக்குறையின் முதுகெலும்பாகிய தித்திவங்சா மலைத்தொடரே கருங்கல்லால் ஆனது. 1851இல் எழுந்த ஹார்ஸ்பரோ கலங்கரை விளக்கம் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக் கருங்கல்லால் கட்டப்பட்டது. மரபும் இல்லாமற் போகவில்லை. இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளுக்குக் கல்வேலையும் செங்கல் சுடுதலும் தச்சும் சிங்கப்பூரிலேயே பயிற்றப்பட்டன. 1861இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்தம் உழைப்பால் எழுந்தது. காலில் விலங்கிட்ட ஆட்சி கையில் தொழிலைக் கொடுத்தது. உரிமையோடு வாழும் சமுதாயம் தன் பிள்ளைகளுக்கு அதனைக் கொடுக்க இயலாதெனின், அது வெட்கத்திற்குரியது அன்றோ?

படித்த பிள்ளை கல் கொத்துவதா என்பது இரண்டாம் மறுப்பு. சிலைமுன் கைகூப்புவோர் அதனைச் செதுக்கிய கையைத் தாழ்வாகக் கருதுவது பண்பாடு ஆகாது; அது சாதியுணர்வின் எச்சம். சிற்பியாகிய அதே கணபதி ஸ்தபதிக்கு இந்திய அரசு 2009இல் பத்மபூஷண் விருது வழங்கியது. இளைஞர்க்கு இத்தொழிலில் நாட்டமில்லை என்பாரும் உளர். உளியைத் தொட்டுப் பார்க்கவே வாய்ப்பளிக்காமல், நாட்டமில்லை என்று தீர்ப்புக் கூறுவது எவ்வகை நீதி?

செய்ய வேண்டியது பெருஞ்செயல் அன்று. சிற்பிகளை அழைக்கும் ஒவ்வோர் ஆலயக் குழுவும் ஒப்பந்தத்தில் ஒரு விதியைச் சேர்த்தல் வேண்டும்: அவர்கள் தங்கியிருக்கும் நாளெல்லாம் உள்ளூர் மாணவர் நால்வர்க்கேனும் பயிற்சி, அப்பயிற்சிக்குச் சிற்பிக்குத் தனி ஊதியம். அலங்கார விளக்குகளுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கே இதற்குப் போதும். தமிழாசிரியர் தம் மாணவரைக் கோபுரம் காட்ட அழைத்துச் செல்வதோடு நின்றுவிடாது, சாரத்தின்கீழ் அமர்ந்து வேலை செய்வோரிடமும் அழைத்துச் செல்லட்டும். உளி, கொட்டாப்புளி, சாந்துக் கரண்டி என்னும் சொற்கள் அகராதியில் மட்டும் வாழாமல் மாணவர் கையில் வாழட்டும். கூரிய கண்ணும் பொறுமையும் உடையோர் ஈராண்டு மாமல்லபுரம் சென்று கற்றுவர ஓர் உதவித்தொகை எழட்டும்.

விலைக்கு வாங்கிய சிலை கோயிலை அழகு செய்யும். கற்றுக்கொண்ட கை தலைமுறையை வாழ்விக்கும். அடுத்த குடமுழுக்கின் கல்வெட்டில் நன்கொடையாளர் பெயர்களுக்குக் கீழே, இம்மண்ணில் பிறந்த ஒரு சிற்பியின் பெயரும் இடம்பெறுமாயின், அதுவே அத்திருப்பணியின் நிறைவாகும்.