எடை போடாத எடை

"நம் பாட்டிமார் ஸ்கேன் பார்த்தா பத்துப் பெற்றார்கள்?" இலக்கியக் கூட்டங்களில்கூட இக்கேள்வி கேட்கிறது. பெற்ற பத்தில் எத்தனை தங்கின என்று திருப்பிக் கேட்டால் பதில் வருவதில்லை. கருவியைப் பழிக்கும் இக்கூச்சலில் எனக்கு உடன்பாடில்லை. கருவி தரும் எண்ணை நாம் வாசிக்கும் விதத்தோடுதான் என் வழக்கு.

அறிக்கையில் 'சிசுவின் எடை 3 கிலோ' என்று அச்சாகியிருக்கிறது. எடையை யாரும் போடவில்லை. தலையின் குறுக்களவு, தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகியவற்றை மீயொலியால் அளந்து, ஒரு சூத்திரத்தில் இட்டுக் கணினி ஊகித்த எண் அது. பரவலாகப் புழங்குவது ஹாட்லாக் குழுவினர் 1985இல் வெளியிட்ட சூத்திரம். ஊகம் ஏறத்தாழ 15 விழுக்காடு வரை கூடலாம், குறையலாம். அதாவது, அந்த மூன்று கிலோ 2.55ஆகவும் இருக்கலாம், 3.45ஆகவும் இருக்கலாம்.

ஒப்பிடும் அட்டவணைக்கும் ஊர் உண்டு. அதே குழுவினரின் 1991ஆம் ஆண்டு அட்டவணை, அமெரிக்காவின் ஹூஸ்டனில் 392 கர்ப்பிணிகளை அளந்து பெற்றது. அவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வர்க்க வெள்ளையர். 2014இல் வெளியான இண்டர்குரோத்-21 அளவுகோலோ நாகபுரி உட்பட எட்டு நாடுகளின் நகர்ப்பகுதிகளில் அளந்து உருவானது. ஓர் அட்டவணையில் 'சிறியது' எனப்படும் சிசு மற்றொன்றில் 'இயல்பானது' ஆகக்கூடும்.

ஒரே ஏட்டுப் பிரதியைக் கண்டு 'பாடம் இதுவே' என்று முடிவுகட்டும் பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லை. பாடபேதம் எங்கே என்று கேட்கிறோம். அச்சில் வந்த இந்த எண்ணுக்கு மட்டும் ஏன் தலைவணங்குகிறோம்?

விலை கொடுப்பவள் கர்ப்பிணி. 'எடை பத்தாது' என்ற ஒரு சொல்லில், அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று வீடே தீர்ப்பெழுதிவிடுகிறது. நச்சுக்கொடியின் குறைபாட்டால் வளர்ச்சி தடைபடும் சிசுக்கள் உண்டு. அலட்சியம் அவற்றின் உயிரைப் பறிக்கும். ஆனால் அதை அறிய ஒற்றை எண் போதாது. தொடக்க மாதங்களிலேயே சரியாகக் கணித்த கர்ப்பகாலம், இரண்டு மூன்று வார இடைவெளியில் மறு அளவீடு, டாப்ளரில் தொப்புள்கொடி இரத்த ஓட்டம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான் கேட்பது அதிகமில்லை. எடைக்குக் கீழே, தமிழில், இரண்டு வரிகள் அச்சிடட்டும்: இது ஊகம், பிழை எல்லை இவ்வளவு, ஒப்பிட்ட அட்டவணை இன்னது. எண்ணை மட்டும் கையில் கொடுத்து அதன் ஐயத்தை மறைப்பது அறிவியல் ஆகாது.